கைநாட்டு: சில சரித்திரக் குறிப்புகள்

கைநாட்டு என்பது தமிழில் ஒரு வசை. எழுத்தறியாதவனைக் குறித்த சொல், நாளடைவில் விவரம் தெரியாதவனையும் ஏமாற்றத் தகுந்தவனையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. என் அம்மா இந்த வசைக்குப் பயந்தவள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எங்கள் ஊருக்கு வந்தபோது, சித்தாள் வேலை முடிந்து வந்து, ராத்திரிகளில் உட்கார்ந்து தன் பெயரை எழுதப் பழகினாள். அதற்குப் பிறகு யாராவது ஸ்டாம்புப் பேடை நீட்டினால் ‘கையெழுத்தே போடுவேன்’ என்பாள்.

போன வருஷம் ரேஷன் கடையில் மெஷினில் விரல் வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். விழவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தாள். மற்ற விரல்களையும் வைத்தாள். சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் நாற்பது வருஷம் கிடந்த கை. ‘ரேகை தேஞ்சிருச்சும்மா’ என்றார் கடைக்காரர். அவர் மேல் தப்பில்லை. ‘கையெழுத்துப் போடட்டுமா?’ என்று அம்மா கேட்டாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பிறகு ஏதோ வழி செய்து அரிசி கொடுத்தார்கள். பிரச்சினை அரிசி அல்ல. அந்தச் சிரிப்புதான் என்னை இந்தச் சரித்திரத்தின் பக்கம் திருப்பிற்று.

அரசாங்கம் வேவு பார்க்கிறது என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது காமிரா, ஒட்டுக்கேட்கப்படும் டெலிபோன், ஐரோப்பியத் தலைநகரங்களின் ரகசியப் போலீஸ். இவையெல்லாம் எங்கிருந்தோ இங்கு வந்தவை என்பது போல ஒரு பாவனை நம்மிடம் இருக்கிறது. ஆனால் தனிமனிதனை அவன் உடம்பைக் கொண்டே அடையாளப்படுத்தி வைக்கும் முறைகளில் முக்கியமான ஒன்று இந்த மண்ணில் உருவாகி, இங்கிருந்து லண்டனுக்குப் போனது. மூலப்பொருள் நம்மவர்களின் கைகள்.

1858 ஜூலை. கம்பெனி ஆட்சியின் கடைசி மாதங்கள். முந்தைய வருஷத்துக் கலகத்தின் சூடு ஆறவில்லை. வங்காளத்தில் ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், ரோடு போடுவதற்கான பொருள் சப்ளை செய்ய ராஜ்யதர் கோனாய் என்பவருடன் ஒப்பந்தம் செய்கிறார். கோனாய் கையெழுத்துப் போடப் போகும் சமயத்தில் ஹெர்ஷலுக்கு ஒரு யோசனை. அரசாங்க முத்திரைக்கு வைத்திருந்த மையைக் கோனாயின் உள்ளங்கையில் தடவி, பத்திரத்தின் பின்புறம் அழுத்தி எடுத்துக்கொள்கிறார். கோனாய் பின்னால் ‘இது என் கையெழுத்தல்ல’ என்று மறுக்கும் எண்ணமே எழாதபடி அவரைப் பயமுறுத்துவதுதான் நோக்கம் என்று ஹெர்ஷலே பிற்காலத்தில் எழுதினார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கோனாய் எழுதத் தெரியாதவர் அல்ல. அந்த ஒப்பந்தமே அவர் கைப்பட எழுதியது. ஆக, இந்த முறையின் முதல் கைநாட்டு ஒரு எழுத்தறிவுள்ளவருடையது. கல்லாமைக்குச் செய்த மாற்று ஏற்பாடாக அது பிறக்கவில்லை. ஒருவனுடைய சொல்லையும் எழுத்தையும் நம்ப மறுத்த ஓர் அதிகாரத்தின் சந்தேகத்தில் பிறந்தது.

நம் வினைச்சொற்களே இதைச் சொல்லிவிடுகின்றன. கையெழுத்தை நான் போடுகிறேன். ரேகையை என்னிடமிருந்து எடுக்கிறார்கள். கையெழுத்தை மறுக்கலாம், நடுங்கும் கையால் கோணலாகப் போடலாம், காலப்போக்கில் மாற்றிக்கொள்ளலாம். ரேகையைத் தூங்குகிறவனிடமிருந்தும் எடுக்கலாம், பிணத்திலிருந்தும் எடுக்கலாம். முன்னதற்கு என் சம்மதம் வேண்டும். பின்னதற்கு என் உடம்பு போதும்.

1877இல் ஹூக்ளியில் ஹெர்ஷல் இதைப் பென்ஷன்காரர்களுக்கும் பத்திரப் பதிவுக்கும் ஜெயிலுக்கும் விரித்தார். மூன்றும் ஒரே மையில். ஆனால் ஆயிரக்கணக்கான ரேகைகளைச் சேர்த்துவிட்டால் அவற்றில் ஒன்றை எப்படித் தேடி எடுப்பது? அந்தக் கணக்கைத் தீர்த்ததில் பெரும்பங்கு கல்கத்தா போலீஸில் வேலை பார்த்த இரண்டு இந்தியர்களுடையது: அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ். சுழிகளையும் வளைவுகளையும் வகைப்படுத்தி, 1024 அறைகளுக்குள் எந்த மனிதனையும் போட்டு வைக்க வழி செய்தார்கள். 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பிரிவு தொடங்கிற்று. உலகத்தில் அதுதான் முதலாவது. முறைக்குக் கிடைத்த பெயர் அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது. 1901இல் அவர் அதை ஸ்காட்லாண்ட் யார்டுக்குக் கொண்டுபோனார்.

எதிர்ப்பு முதலில் பெரிதாக எழுந்த இடம் தென்னாப்பிரிக்கா. டிரான்ஸ்வாலில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு இந்தியரும் ரேகை கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும், கேட்கும் இடத்தில் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்று 1906இல் சட்டம் வந்தபோது, காந்தி அதை எதிர்த்தார். சத்தியாக்கிரகம் இதிலிருந்துதான் தொடங்குகிறது. 1908 ஜனவரியில் சமரசம்: பலவந்தமில்லாமல் தாமாகவே பதிந்துகொள்வது. ரேகை கொடுக்கப் போகும் வழியில், இது துரோகம் என்று கருதிய ஒருவர் காந்தியை அடித்து வீழ்த்தினார். கூட இருந்த தமிழர் தம்பி நாயுடுவும் அடி வாங்கினார். அரசாங்கம் வாக்குத் தவறிற்று என்று சொல்லி அந்த ஆகஸ்டில் ஜோஹானஸ்பர்க் மசூதி முன்னால் 2,000க்கும் மேற்பட்ட சான்றிதழ்களை ஒரு கொப்பரையில் போட்டு எரித்தார்கள்.

இந்த நெருப்பு நம் பள்ளிப் புத்தகங்களில் இருக்கிறது. அதன் அடியில் இருந்த வாதம் இல்லை. ஹென்றியின் புத்தகத்தைப் படித்ததாகவும், குற்றவாளிகளிடம் மட்டுமே சட்டப்படி ரேகை கேட்கப்படுவதை அறிந்து அதிர்ந்ததாகவும் காந்தி எழுதியிருக்கிறார். அதாவது, நாங்கள் குற்றவாளிகள் அல்ல. கௌரவமான வாதம்தான். ஆனால் பிறவியிலேயே குற்றவாளி என்று சட்டம் எழுதி வைத்திருந்தவர்களுக்கு இந்த வாதத்தில் எந்த இடம் இருந்தது?

அவர்கள் கற்பனை மனிதர்கள் அல்லர். 1871இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. மதுரைப் பக்கத்துக் கள்ளர்களிடம் அதற்கு வேறு பெயர்: ரேகைச் சட்டம். சட்டத்தின் நூறு ஷரத்துகளில் எது தங்கள் மேல் விழுகிறது என்பதை ஜனங்கள் சரியாகவே பெயரிட்டார்கள். பதிந்தவன் ராத்திரியில் சாவடியிலோ ஸ்டேஷனிலோ படுக்க வேண்டும். வெளியூர் போவதானால் ராதாரிச் சீட்டு வேண்டும். கல்யாணமான புதிதாக இருந்தாலும் அதுதான். எந்தக் குற்றமும் செய்திருக்க வேண்டியதில்லை.

1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் ரேகை பதிய வந்த போலீஸுக்கு ஊர் கை நீட்ட மறுத்தது. துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் ஒரு பெண் உட்பட 16 பேர். அந்தப் பெண்ணின் பெயர் மாயக்காள். ஜாலியன்வாலாபாக் நடந்து ஒரு வருஷம் நிறைவதற்குப் பத்து நாள் இருந்தது. அமிர்தசரஸுக்கு நாடு அழுதது. பெருங்காமநல்லூருக்கு அந்தப் பக்கத்து ஊர்கள் அழுதன.

அதே வருஷம் செப்டம்பரில் கைதிகளின் ரேகையை எடுப்பதற்கென்று தனிச் சட்டம் வந்தது. 2022இல் அதை எடுத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். இப்போது கருவிழியையும் எடுக்கலாம், 75 வருஷம் வைத்திருக்கலாம். குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னையில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் ஒழிந்தது. ‘வழக்கமான குற்றவாளிகள்’ என்ற புதுப்பெயரில் பட்டியல் மட்டும் தொடர்ந்தது.

நம் போலீஸ் ஸ்டேஷன்களில் ‘சரித்திரப் பதிவேடு’ என்றொரு நோட்டு உண்டு. ஏழை ஒருவன் சரித்திரத்தில் இடம் பெறுவது அநேகமாக அதில்தான். உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவரை 1941இல் கொள்ளை வழக்கில் பிடித்து, சாட்சியம் இல்லாமல் விட்டுவிட்டார்கள். பதிவேட்டில் பெயர் ஏறிற்று. ராத்திரி கதவைத் தட்டுவார்கள், வீட்டை மறைந்திருந்து பார்ப்பார்கள். அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1962 தீர்ப்பு ராத்திரிக் கதவு தட்டலை மட்டும் தடுத்தது. அந்தரங்கம் அரசியல் சட்டம் தரும் உரிமை அல்ல என்றது. நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டு எழுதினார்.

அதை மாற்ற 55 வருஷமாயிற்று. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்றார்கள். இம்முறை வழக்குத் தொடுத்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி, விஷயம் ஆதார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் போலீஸ் பட்டியலில் இருந்தவன் கேட்டபோது கிடைக்காத உரிமை, நாம் எல்லோரும் பட்டியலில் ஏறிய பிறகுதான் கிடைத்தது என்பதை மறக்கக் கூடாது. 2018இல் வந்த ஆதார் தீர்ப்பு பாங்குக் கணக்குக்கும் செல்போனுக்கும் விலக்களித்தது. அரசாங்கம் தரும் மானியத்துக்கு ஆதார் கேட்பதை அனுமதித்தது. 130 கோடிக்கு மேற்பட்டவர்களின் ரேகை ஓரிடத்தில் இருக்கிறது. அதை அடிக்கடி வைத்துக் காட்ட வேண்டியவர்கள் ரேஷன் வரிசையில் நிற்பவர்கள்.

கிராமத்தில் யாருக்கு அந்தரங்கம் இருந்தது என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. தெருவுக்குத் தெரியாமல் அங்கே குழம்புகூடத் தாளிக்க முடியாது. ஜாதி தன் கண்காணிப்பை எந்த மெஷினும் இல்லாமலே நடத்திக்கொண்டிருக்கிறது. அதை நான் பொற்காலமாக்கவில்லை. ஆனால் எதிர்த்திண்ணைக் கிழவிக்கு முகம் இருக்கிறது. அவள் வீட்டுக் கதை எனக்கும் தெரியும். அவள் மறப்பாள், சாவாள். பதிவேட்டுக்கு இவை எதுவும் இல்லை.

நம் எழுத்துக்கு வருகிறேன். புதுக்கவிதையில் தனிமை அளவுக்கு எழுதித் தீர்த்த விஷயம் வேறில்லை. அறை, ஜன்னல், அதில் ஒருவன். அறை உள்ளவனின் தனிமை அது. சாவடியில் வரிசையாகப் படுக்க வைக்கப்பட்டவனுக்குத் தனிமை ஒரு துக்கமல்ல; அவனிடமிருந்து பறித்த சொத்து. தனிமையையும் அந்தரங்கத்தையும் நாம் பிரித்துப் பார்க்கவே இல்லை. ‘அந்தரங்கம்’ என்றாலே நமக்குப் படுக்கையறை வாடைதான் அடிக்கிறது. இந்தக் குறை பாஷையுடையது அல்ல, நம்முடையது. நம்மிடம் யாரும் ரேகை கேட்காத காலம் நெடுங்காலமாக இருந்தது. அந்தக் காலத்தை நாம் சுதந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு ஆதார் எடுத்தபோது பத்து விரலையும் கண்ணையும் நானே சந்தோஷமாகத்தான் கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்து நிமிஷ வேலை. எதையும் யோசித்ததாக நினைவில்லை.

அம்மா இப்போது ரேஷன் கடைக்குப் போவதில்லை. கார்டில் என் பெயரும் இருப்பதால் நான் போகிறேன். எனக்கு முதல் தடவையிலேயே விழுந்துவிடுகிறது. பேனாவைத் தவிர எதையும் பிடிக்காத கை.