மாறுபட்ட தீர்ப்பு

ஒரு வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவை ஏற்காத நீதிபதி, தம் காரணங்களைத் தனியே எழுதி வழங்கும் தீர்ப்பு. சிறுபான்மைத் தீர்ப்பு எனவும் வழங்கும். வழக்கின் முடிவை இது மாற்றாது. கீழ் நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தாது. இந்திய அரசியலமைப்பின் 145(5) பிரிவு, உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைப்படியே முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லும் கையோடு, உடன்படாதவரின் இந்த உரிமையையும் காக்கிறது. இருவர் அமர்வு பிளவுபட்டால் அது வேறு கதை: உயர் நீதிமன்றங்களில் வழக்கு மூன்றாவது நீதிபதிக்குப் போகும். தமிழகத்தில் 18 சட்டமன்ற உறுப்பினர்களின் தகுதிநீக்க வழக்கு 2018இல் அப்படித்தான் முடிந்தது.

மாறுபட்ட தீர்ப்புகளில் மிகவும் பேசப்படுவது உச்ச நீதிமன்ற நீதிபதி எச்.ஆர்.கன்னாவின் தீர்ப்பு. நெருக்கடி நிலையில், விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டோர் ஆட்கொணர்வு மனுச் செய்யலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூறியிருந்தன. உச்ச நீதிமன்றத்தில் நடந்த மேல்முறையீட்டு விசாரணையின்போது, ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஆளைக் கொன்றாலுமா பரிகாரம் இல்லை என்று கன்னா கேட்டார். இல்லை என்றே அரசுத் தலைமை வழக்கறிஞர் ஒப்புக்கொண்டார். 1976 ஏப்ரல் 28இல் வந்த தீர்ப்பில் அமர்வின் நால்வர் அரசுப் பக்கம் நின்றனர். கன்னா மட்டும் மறுத்தார். விலையும் கொடுத்தார்: 1977 ஜனவரியில் அவரைவிட இளையவரான எம்.எச்.பெக் தலைமை நீதிபதியாக்கப்பட, கன்னா பதவி விலகினார்.

அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பை 2017இல், தனியுரிமை குறித்த புட்டசாமி வழக்கின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு நிராகரித்தது. அதில் முதன்மைத் தீர்ப்பை எழுதிய டி.ஒய்.சந்திரசூட், அந்த நால்வருள் ஒருவரான ஒய்.வி.சந்திரசூட்டின் மகன்.