கர்ணன் தெளிந்தார், நாடகம் தெளியவில்லை



‘கர்ணன்’ மாதிரி பழைய தூர்தர்ஷன் நாடகங்களையும் பளிச்சென்று ஆக்க முடியாதா சார் என்று பழைய மாணவன் ஒருவன் கேட்டான்.

1964-இல் வந்த ‘கர்ணன்’ புதுப்பிக்கப்பட்டு 2012-இல் மறுபடி திரைக்கு வந்தது. அது பிலிம். சுருளிலேயே நுணுக்கம் இருக்கிறது; புதிதாக ஸ்கேன் செய்தால் வெளியே வரும். 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியின் ஸ்டுடியோ நாடகங்கள் வீடியோ டேப்பில் பதிந்தவை. படத்துக்கு 576 வரிதான், ஹெச்.டி.க்கு 1080 வேண்டும். மீதியைக் கணினி ஊகித்து நிரப்பும். முகமெல்லாம் மெழுகுப் பொம்மை!

டேப் இருந்தால்தானே அதுவும்? பிபிசியே ‘டாக்டர் ஹூ’ தொடரின் பழைய பகுதிகள் பலவற்றை அழித்துவிட்டது.

என் தங்கை கல்யாண கேசட்டில் அம்மா பேசுகிறாள். திருவிடைமருதூர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்குமுன் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன், மங்கலாகவே. உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பாருங்கள்.