பெட்டி இலவசம், அலை கட்டணம்: சித்தன்னவாசல் வட்டாரத்தை முன்வைத்துத் தமிழகத் தொலைக்காட்சி வரலாறு (1975–2022)

ஆய்வுச் சுருக்கம்

கேபிள் இணைப்பைக் கைவிட்டு, ஆண்டெனாவின் துணையால் கட்டணமின்றி டிஜிட்டல் ஒளிபரப்பைப் பெறுவது மேலைநாடுகளில் இயல்பான ஒரு தெரிவாக உள்ளது. தமிழகச் சிற்றூர்களுக்கு அத்தெரிவு ஏன் வாய்க்கவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசல் நோக்குப்புள்ளியாகக் கொள்ளப்படுகிறது. தரைவழி ஒளிபரப்பு, கேபிள், செயற்கைக்கோள் ஆகிய மூன்று வழிகளின் வரலாறும் நிரல்படத் தொகுக்கப்பட்டு, டிஜிட்டல் மாற்றம் நிகழ்ந்த காலத்திலேயே சிற்றூர்களின் கட்டணமில்லாத் தமிழ் ஒளிபரப்பு சுருங்கியது என்ற கருத்து நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தரைவழி ஒளிபரப்பு, தூர்தர்ஷன், அரசு கேபிள், இலவச டிஷ், அலைக்கற்றை, புதுக்கோட்டை.

முன்னுரை

சித்தன்னவாசல் என்றதும் அறிவர் கோயிலின் ஓவியங்களும், ஏழடிப்பட்டத்துச் சமணர் படுக்கைகளும், அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் நினைவுக்கு வருகின்றன. இவ்வூர் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கி.மு. நூற்றாண்டுகளிலிருந்து கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டுவரையே நின்றுவிடுகின்றன. குன்றைச் சூழ்ந்து வாழும் வேளாண்குடிகளின் அண்மைக்கால வரலாறு, குறிப்பாகச் செய்தியும் பொழுதுபோக்கும் அவர்களை வந்தடைந்த வழிகளின் வரலாறு, போதிய கவனம் பெறவில்லை.

தொலைக்காட்சி ஆய்வுகள் பெரிதும் நிகழ்ச்சிகளின் உள்ளடக்கத்தையே ஆராய்கின்றன. அந்நிகழ்ச்சி எவ்வழியாக வீட்டுக்குள் நுழைகிறது, அவ்வழிக்கு உரிமையாளர் யார், அதற்கு மாதந்தோறும் எவ்வளவு செலுத்தப்படுகிறது ஆகிய வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. இக்கட்டுரை அவ்வினாக்களை முதன்மைப்படுத்துகிறது.

தரைவழி ஒளிபரப்பின் வருகை

வானொலியைப் பொறுத்தவரை புதுக்கோட்டை வட்டாரம் நற்பேறு பெற்றது. 1939 மே 16 அன்று திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பட்ட வானொலி நிலையம் அண்மையிலேயே இருந்தது. ஊராட்சி வானொலிப் பெட்டிகள் பொதுவிடத்தில் ஒலித்த காலத்தில், கேட்பவர் எவரும் மாதக் கட்டணம் செலுத்தவில்லை.

தொலைக்காட்சி தாமதமாகவே வந்தது. 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கிய ஒளிபரப்பு, சென்னையை அடைந்தது 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான். அதே ஆகஸ்ட் மாதம் தொடங்கி ஓராண்டுக்காலம் ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்களில் செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நடத்தப்பட்டது. அவ்வாறு மாநிலங்களில் தமிழ்நாடு இடம்பெறவில்லை. ஆகவே, தமிழகச் சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி நகரத்திலிருந்து மெல்லப் பரவிய ஒன்றாகவே அமைந்தது.

இடைப்பட்ட காலத்தில் தென்கடற்கரை மக்கள் வேறொரு வழியைக் கண்டனர். 1982 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட இலங்கையின் ரூபவாஹினி, பிதுருதாலகால மலையுச்சியிலிருந்து ஒளிபரப்பியது. உயரமான கம்பங்களில் ஆண்டெனாவும் பூஸ்டரும் பொருத்தி அவ்வொளிபரப்பைத் தமிழகத்தின் தென்பகுதியினர் பார்த்தனர். அலைகளுக்கு நாட்டெல்லை இல்லை என்பதும், கருவியை ஒருமுறை வாங்கியவர் அதன்பின் எவருக்கும் எதுவும் செலுத்தத் தேவையில்லை என்பதும் அப்போது நடைமுறையில் உணரப்பட்டன.

1983 ஆகஸ்டில் இன்சாட்-1பி செயற்கைக்கோள் ஏவப்பட்டதும் நாடெங்கும் குறைதிறன் ஒளிபரப்பிகள் விரைந்து நிறுவப்பட்டன. தமிழகத்தின் தென்பகுதிக்குக் கொடைக்கானல் மலைமீது நிறுவப்பட்ட உயர்திறன் ஒளிபரப்பி முதன்மையானதாயிற்று. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து புறப்படும் அலையின் தொடுவானம், கோட்பாட்டளவில் ஏறத்தாழ 200 கி.மீ. வரை நீளும். கொடைக்கானலுக்கும் சித்தன்னவாசலுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவே உள்ளது. இடையிலுள்ள குன்றுகளும் பெறும் ஆண்டெனாவின் உயரமும் காட்சியின் தெளிவைத் தீர்மானித்தன. எனினும் ஒரு மலையுச்சிக் கோபுரம் பல மாவட்டங்களைத் தழுவ இயலும் என்பதே தரைவழி ஒளிபரப்பின் அடிப்படை வலிமை ஆகும். ஊராட்சித் தொலைக்காட்சி அறையில் ஊரே கூடியிருந்து பார்த்த காட்சி இவ்வலிமையின் விளைவே.

கேபிளின் எழுச்சி

1991ஆம் ஆண்டின் வளைகுடாப் போரும் அதே ஆண்டில் வந்த ஸ்டார் தொலைக்காட்சியும் இந்திய நகரங்களில் கேபிள் தொழிலை ஊன்றின. தமிழகத்தில் 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது திருப்புமுனையாகும். தனியார் தமிழ் நிகழ்ச்சிகளைப் பார்க்க விரும்பியவருக்கு வீட்டு ஆண்டெனா பயன்படவில்லை. ஏனெனில், தரைவழி ஒளிபரப்பு தூர்தர்ஷனின் தனியுரிமையாகவே வைக்கப்பட்டிருந்தது. தனியார் அலைவரிசை செயற்கைக்கோளிலிருந்து ஊர்க் கேபிள்காரரின் குடை ஆண்டெனாவுக்கும், அங்கிருந்து கம்பி வழியாக வீட்டுக்கும் வந்தது.

1995ஆம் ஆண்டில் இரு நிகழ்வுகள் நேர்ந்தன. அவ்வாண்டு பிப்ரவரி 9 அன்று, வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் வானலைகள் பொதுச்சொத்து எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் கேபிள் தொலைக்காட்சி வலைப்பின்னல்கள் ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அச்சட்டம் தூர்தர்ஷன் அலைவரிசைகளையும் கேபிள்வழி வழங்க வேண்டும் எனக் கட்டாயப்படுத்தியது. பொது ஒளிபரப்பைக் காக்கும் நோக்கில் அமைந்த இவ்விதி எதிர்பாராத விளைவையும் தந்தது. கேபிளிலேயே தூர்தர்ஷன் கிடைத்ததால் கூரைமேல் இருந்த ஆண்டெனா தேவையற்றதாயிற்று. அது துருப்பிடித்து வீழ்ந்தபோது மீண்டும் நிறுவுவார் இல்லை. வானலை பொதுச்சொத்து என்ற கோட்பாடு நிலைபெற்ற காலத்திலேயே, அப்பொதுச்சொத்தை நேரடியாகப் பெறும் கருவி வீடுகளிலிருந்து மறையத் தொடங்கியது.

அரசின் தலையீடு: பெட்டியும் கம்பியும்

2006 சட்டமன்றத் தேர்தல் வாக்குறுதியின்படி, அவ்வாண்டு செப்டம்பர் முதல் 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் தமிழக அரசால் இலவசமாக வழங்கப்பட்டன. 2011இல் ஆட்சி மாறித் திட்டம் நிறுத்தப்படும்வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. பெட்டி வந்த வீட்டுக்கு அடுத்து இணைப்பு தேவைப்பட்டது. ஒருமுறை கிடைத்த இலவசம் மாதந்தோறும் கட்டணம் செலுத்தும் புதிய நுகர்வோரை உருவாக்கியது.

இக்கட்டண உறவிலும் அரசு தலையிட்டது. 2007 அக்டோபரில் தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. நிறுவனம் உருவாக்கப்பட்டது. செயலற்றிருந்த அந்நிறுவனம் 2011 செப்டம்பர் 2 அன்று மீண்டும் இயக்கப்பட்டு, மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கியது. ஒரு மாநில அரசே கேபிள் சேவையை இவ்வளவு பெரிய அளவில் நடத்தியது இந்தியாவில் தனித்தன்மை வாய்ந்தது. ஏழைக் குடும்பங்களின் சுமை இதனால் குறைந்தது என்பதை மறுக்க இயலாது.

ஆயினும் இவ்விரு திட்டங்களும் ஒரே எல்லைக்குள் நின்றன. பெட்டி மாநில அரசின் கொடையாயிற்று. கம்பி மாநில அரசின் மானியமாயிற்று. அலை மட்டும் மாநில அரசின் அதிகார வரம்புக்கு வெளியே ஒன்றிய அரசிடம் இருந்தது. கட்டணமில்லா ஒளிபரப்பைக் குடிமக்களின் உரிமையாக வலியுறுத்தும் அரசியல் கோரிக்கை தமிழகத்தில் எழவில்லை. குறைந்த கட்டணக் கேபிள் என்பதே மக்கள்நலக் கோரிக்கையின் உச்சமாகக் கருதப்பட்டது.

டிஜிட்டல் மாற்றமும் கட்டண உயர்வும்

2011இல் கேபிள் சட்டம் திருத்தப்பட்டு, அனலாக் கேபிள் கட்டங்கட்டமாக நீக்கப்பட்டது. ஊர்ப்புறங்களை உள்ளடக்கிய நான்காம் கட்டத்தின் இறுதிநாள் 2017 மார்ச் 31. அரசு கேபிள் நிறுவனம் 2017 ஏப்ரலில் டிஜிட்டல் உரிமம் பெற்று, செட்டாப் பாக்ஸ்களைக் கட்டணமின்றி வழங்கியது.

2019 பிப்ரவரியில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. அதன்படி 100 அலைவரிசைகளுக்கான இணைப்புக் கட்டணத்தின் உச்சவரம்பு அப்போது 130 ரூபாயாக இருந்தது; 18 விழுக்காடு வரியுடன் 153 ரூபாய் 40 காசு. கட்டண அலைவரிசைகளுக்கான விலை இதன்மேல் தனியாகச் சேர்ந்தது. இம்முறையில் கவனிக்கத்தக்க கூறு ஒன்றுண்டு. கட்டணமில்லா அலைவரிசைகளை மட்டுமே பார்ப்பவரும், தூர்தர்ஷனை மட்டுமே பார்ப்பவரும்கூட இவ்விணைப்புக் கட்டணத்திலிருந்து தப்ப இயலவில்லை. அந்த உச்சவரம்பின்படி ஓராண்டுக்கு இது ஏறத்தாழ 1,840 ரூபாய் ஆயிற்று. 2011இன் 70 ரூபாயோடு ஒப்பிட, எட்டாண்டுக்குள் அடிப்படைக் கட்டணமே இரு மடங்கைக் கடக்க இடமளிக்கப்பட்டது.

திறக்கப்படாத வழி

அமெரிக்காவில் 2009 ஜூன் 12 அன்று முழுத்திறன் நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பு முடிவுக்கு வந்தது. மாற்றுக் கருவி வாங்க 40 டாலர் மதிப்புள்ள இரு சீட்டுகள்வரை வீடுதோறும் வழங்கப்பட்டன. பிரித்தானியாவில் 2012 அக்டோபரில் மாற்றம் நிறைவுற்றது. 75 வயதைக் கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி உதவித் திட்டம் இருந்தது. இந்நாடுகளில் கேபிளைத் துண்டித்தவர் ஆண்டெனாவுக்குத் திரும்ப முடிந்ததற்குக் காரணம், முதன்மையான தனியார் நிறுவனங்களும் தரைவழியே ஒளிபரப்பியமையாகும்.

இந்தியாவில் 2016 பிப்ரவரியில் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் டிவிபி-டி2 தொழில்நுட்பத்தில் தூர்தர்ஷனின் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு தொடங்கப்பட்டது. 2017 ஜனவரியில் ஒழுங்குமுறை ஆணையம் தனியாரையும் இதில் அனுமதிக்கலாம் என்றும், 2023 இறுதிக்குள் அனலாக் ஒளிபரப்பை முற்றிலும் மாற்றலாம் என்றும் பரிந்துரைத்தது. மாற்றத்தின் பிற்பாதி மட்டுமே நிறைவேறியது. அனலாக் காலாவதியான தொழில்நுட்பம் எனவும், மூடுவதால் அலைக்கற்றை விடுபட்டுச் செலவு குறையும் எனவும் பிரசார் பாரதி அறிவித்தது. உத்திசார் இடங்களிலுள்ள ஏறத்தாழ 50 ஒளிபரப்பிகள் நீங்கலாக, ஏனையவற்றை 2022 மார்ச் 31க்குள் மூடுவது அதன் திட்டம். டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு ஊர்ப்புறங்களுக்கு விரிவாக்கப்படவில்லை. பழைய வழி அடைக்கப்பட்டது. அவ்விடத்தில் புதிய வழி திறக்கப்படவில்லை.

இலவச டிஷ் ஈடாகுமா?

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. 2004 டிசம்பர் 16 அன்று டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கி, இன்று டிடி இலவச டிஷ் என வழங்கும் சேவை நாடு முழுவதையும் தழுவுகிறது. ஏறத்தாழ 2,000 ரூபாயில் தட்டும் பெட்டியும் வாங்கியவருக்கு மாதக் கட்டணம் இல்லை. 2019இன் உச்சவரம்பின்படி கேபிளின் 13 மாத அடிப்படைக் கட்டணத்துக்கு அது ஈடு. கோபுரத்தின் எல்லைக்குள் இருக்க வேண்டிய தேவையும் இல்லை. பரப்பளவு மட்டுமே அளவுகோல் எனில், செயற்கைக்கோள் தரைவழியை விஞ்சிவிட்டது.

ஆனால் மொழி என்ற அளவுகோலைச் சேர்த்தால் முடிவு மாறுகிறது. இச்சேவையில் தனியார் இடங்கள் ஏலத்தில் விற்கப்படுகின்றன. நாடு முழுவதற்கும் ஒரே தட்டு என்பதால், மிகப்பெரும் பார்வையாளர் கூட்டத்தை விளம்பரதாரருக்குக் காட்டவல்ல இந்தி அலைவரிசைகளே அவ்விடங்களில் மிகுதியும் அமர்ந்தன. தமிழகத்தில் அதிகம் பார்க்கப்படும் தனியார் தமிழ் அலைவரிசைகள் பெரும்பாலும் கட்டண அலைவரிசைகள்; அவை இச்சேவைக்கு வரவில்லை. 2024 ஜனவரியில் டிடி தமிழ் எனப் பெயர் மாற்றப்பட்ட பொதிகையே தமிழ்ப் பார்வையாளருக்கு அதில் முதன்மையான துணை. வட இந்தியச் சிற்றூரார் ஒருவர் கேபிளைத் துண்டித்துத் தட்டுக்கு மாறும்போது தம் மொழி நிகழ்ச்சிகளை இழப்பதில்லை. சித்தன்னவாசலில் அவ்வாறு மாறுபவர் பெரும்பாலான தமிழ் நிகழ்ச்சிகளை இழக்கிறார். ஒரே கருவி இரு மொழியினருக்கு இரு வேறு பொருளைத் தருகிறது.

தரைவழி ஒளிபரப்பில் இச்சிக்கல் இயல்பாகவே குறைவு. ஒரு கோபுரத்தின் வட்டத்துக்குள் வாழ்வோர் பெரும்பாலும் ஒரு மொழியினர்; அங்கு அலைக்கற்றைக்கான போட்டி அம்மொழிக்குள்ளேயே நிகழும்.

இழப்பு பொழுதுபோக்கோடு நிற்பதில்லை. 2018 நவம்பர் 16 அன்று கரைகடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கி, மின்கம்பங்களைப் பெருமளவில் சாய்த்தது. சிற்றூர்களில் கேபிள் கம்பியும் அக்கம்பங்களையும் மரங்களையும் பற்றியே செல்கிறது. மின்சாரம் மீண்ட பின்னரும் கேபிளுக்குத் தனியே ஒரு சீரமைப்பு தேவை. தொலைவிலுள்ள கோபுரத்திலிருந்து வரும் அலைக்கு ஊருக்குள் கம்பம் தேவையில்லை. மின்கலத்தில் இயங்கும் சிறு கருவியும் அதைப் பெறக்கூடும். புயல் எச்சரிக்கையும் மீட்புச் செய்தியும் தாய்மொழியில், கம்பியின்றி, கட்டணமின்றிக் கிடைப்பது பேரிடர்க்காலத் தேவை என்பதை இம்மாவட்டத்தின் அனுபவம் உணர்த்துகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, கேபிளிலிருந்து கட்டணமில்லா ஒளிபரப்புக்கு மாறுவது தனிமனிதரின் விருப்பம் மட்டும் அன்று. மாறிச் செல்வதற்கான வழியை அலைக்கற்றைக் கொள்கையே திறக்கிறது அல்லது அடைக்கிறது.

இரண்டாவதாக, தரைவழி ஒளிபரப்பைத் தூர்தர்ஷனுக்கு மட்டும் உரியதாக வைத்த முடிவு, தனியார் தமிழ்த் தொலைக்காட்சியைத் தொடக்கத்திலேயே கம்பிக்குள் செலுத்தியது. பிற்காலத்து இலவசப் பெட்டியும் குறைந்த கட்டணக் கேபிளும் அம்முடிவின் விளைவைத் தணித்தன, மாற்றவில்லை.

மூன்றாவதாக, செயற்கைக்கோள்வழி இலவசச் சேவை இடத்தின் தடையை நீக்கியது. மொழியின் தடையை நீக்கவில்லை. ஏலத்தில் மாநில மொழிகளுக்குப் போதிய இட ஒதுக்கீடும், மாவட்ட அளவிலான டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பும் இக்குறையைத் தீர்க்கும் வழிகளாகும்.

சித்தன்னவாசல் குன்றின் கற்படுக்கை, வந்து தங்குவோருக்காக அமைக்கப்பட்டு, அமைத்தவர் பெயரோடு கல்லில் பதிவுபெற்றது. அதே குன்றின் அடிவாரத்தில் ஒருகாலத்தில் ஆண்டெனாவின்வழிப் பெறப்பட்ட பொது ஒளிபரப்பு எப்போது, எவர் முடிவால் நின்றது என்பதும் வரலாற்றில் பதிவுபெற வேண்டியதே.