கோல்டன் பாய் விருது: இளம் கால்பந்து வீரர்களுக்கான ஐரோப்பிய அங்கீகாரம்

ஐரோப்பியக் கால்பந்தில் ஆண்டுதோறும் தலைசிறந்த இளம் வீரருக்கு வழங்கப்படும் விருது 'கோல்டன் பாய்'. இத்தாலியின் டூரின் நகரிலிருந்து வெளிவரும் 'டுட்டோஸ்போர்ட்' விளையாட்டு நாளிதழ் 2003-ஆம் ஆண்டு இவ்விருதை நிறுவியது. நெதர்லாந்தின் ரஃபேல் வான் டெர் வார்ட் முதல் விருதைப் பெற்றார். 2025-ஆம் ஆண்டுக்கான விருது பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் அணியின் பிரான்ஸ் வீரர் டெசிரே டூவேவுக்கு வழங்கப்பட்டது.

தகுதியும் தேர்வு முறையும்

ஐரோப்பிய நாடொன்றின் முதல்நிலை லீக் போட்டிகளில் விளையாடும், 21 வயதுக்குட்பட்ட வீரர்கள் இவ்விருதுக்குத் தகுதி பெறுகின்றனர். வீரர் எந்த நாட்டைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். அர்ஜென்டினாவின் லியோனல் மெஸ்ஸி, செர்ஜியோ அகுவேரோ, பிரேசிலின் ஆண்டர்சன், அலெக்சாண்ட்ரே பட்டோ ஆகியோர் இவ்வாறே தேர்வாயினர். ஒரு முறை வென்றவர் மீண்டும் போட்டியிட இயலாது.

ஐரோப்பாவின் முன்னணி நாளிதழ்களைச் சேர்ந்த விளையாட்டுச் செய்தியாளர்கள் வாக்களிக்கின்றனர். ஒவ்வொருவரும் ஐந்து வீரர்களை வரிசைப்படுத்த, அவர்களுக்கு முறையே 10, 7, 5, 3, 1 எனப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன.

யார் அதிகம் வென்றனர்?

2003 முதல் 2025 வரை விருது பெற்ற 23 பேரில் ஐவர் ஸ்பெயின் நாட்டினர். நால்வர் பிரான்ஸ் நாட்டினர். கிளப்புகளில் பார்சிலோனா முன்னிலை வகிக்கிறது. மெஸ்ஸி (2005), பெட்ரி (2021), கவி (2022), லாமின் யமால் (2024) ஆகிய நால்வரும் அக்கிளப்பில் விளையாடியபோது விருதை வென்றனர். யமால் 17 வயதிலேயே இவ்விருதைப் பெற்று, மிக இளம் வயதில் வென்றவர் என்ற சிறப்பை அடைந்தார்.

தடுப்பாட்டக்காரர்களுக்கு இவ்விருது எளிதில் கிட்டுவதில்லை. 2018-இல் வென்ற நெதர்லாந்தின் மத்தைஸ் டி லிக்ட் மட்டுமே அப்பிரிவைச் சேர்ந்தவர். கோல்கீப்பர் எவரும் இதுவரை வென்றதில்லை.

முன்னறிவிப்பா, எதிர்பார்ப்பா?

உலகின் சிறந்த வீரருக்கான 'பாலன் டி ஓர்' விருதை எட்டு முறை வென்றவர் மெஸ்ஸி. எனினும், கோல்டன் பாய் விருதாளர்களில் 2025 வரை அவ்விருதையும் பெற்றவர் அவர் ஒருவரே. பாலன் டி ஓர் விருதை ஐந்து முறை வென்ற கிறிஸ்டியானோ ரொனால்டோ, 2018-இல் வென்ற லூகா மோட்ரிச் ஆகியோர் கோல்டன் பாய் பட்டியலில் இடம்பெறவில்லை.

2009-இல் ஏசி மிலன் வீரராக விருது பெற்ற பட்டோ, தொடர் காயங்களால் அவதியுற்று 2013-இல் தமது 23-ஆவது வயதில் பிரேசிலுக்குத் திரும்பினார். 2016-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற போர்ச்சுகல் அணியில் இடம்பெற்று, அதே ஆண்டு விருதும் பெற்ற ரெனாட்டோ சாஞ்சஸ், அடுத்த ஆண்டே பேயர்ன் மியூனிக்கிலிருந்து ஸ்வான்சி அணிக்குக் கடனாக அனுப்பப்பட்டார். 2011-இல் வென்ற ஜெர்மனியின் மரியோ கோட்சே, 2014 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் வெற்றிக் கோலை அடித்தார். 2017-இல் வளர்சிதை மாற்றக் குறைபாட்டால் ஆட்டத்திலிருந்து ஒதுங்க நேர்ந்தது.

அதிகரிக்கும் ஆட்டச்சுமை

இளம் வயதிலேயே புகழ்பெறும் வீரர்கள், கிளப், தேசிய அணி என இரு தரப்புக்கும் ஓய்வின்றி விளையாட வேண்டியுள்ளது. பெட்ரி 2020-21 பருவத்தில் ஐரோப்பியக் கோப்பை, டோக்கியோ ஒலிம்பிக் உட்பட 70-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் பங்கேற்றார். அதையடுத்து தொடைத் தசைக் காயத்தால் பல மாதங்கள் விளையாட இயலாமல் போனது. கவி, 2023 நவம்பரில் ஸ்பெயின் அணிக்காக விளையாடுகையில் முழங்கால் தசைநார் கிழிந்து, ஏறத்தாழ ஓராண்டு களத்துக்கு வெளியே இருந்தார்.

தொழில்முறை வீரர்களின் சர்வதேசச் சங்கமான ஃபிஃப்ரோ, வளரும் பருவத்தில் உள்ளோருக்குப் போதிய ஓய்வு தேவை என்று தொடர்ந்து வலியுறுத்தி வருகிறது.

கோல்டன் பாய் விருது ஒரு வீரரின் ஓராண்டு ஆட்டத்துக்கான மதிப்பீடு மட்டுமே. அதன் பின்னரான பயணத்தைத் திறமையுடன் உடல்நலமும், கிடைக்கும் ஓய்வும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்பதை விருதாளர் பட்டியல் உணர்த்துகிறது.