திருத்தணிப் படியும் டைப் 1 பிள்ளைகளும்

திருத்தணி முருகனைப் பார்க்க 365 படி ஏறணும். மேலே வரைக்கும் வண்டியும் போகும். டைப் 1 நீரிழிவு உள்ள பிள்ளையோடு வரும் பெற்றோர் வண்டியைத்தான் பார்ப்பார்கள். "வழியில லோ சுகர் ஆயிட்டா என்ன சார் பண்றது?" படிக்கே இந்தப் பயம். பதினைந்து வயசுப் பையன் "டம்பிள்ஸ் தூக்கவா?" என்று கேட்டால் வீட்டில் உடனே தடைதான்.

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு மக்களே.

1922 ஜனவரி 11, கனடாவின் டொரன்டோ. லியோனார்ட் தாம்சன், வயது 14, எடை 30 கிலோகூட இல்லை. அன்றைக்கு இந்த நோய்க்கு வைத்தியமே பட்டினிதான். சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து உயிரைக் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிப்பார்கள். உடம்பில் தசை என்று எதுவும் மிஞ்சாது. முதல் இன்சுலின் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. மருந்தை இன்னும் சுத்தம் செய்து 23-ம் தேதி மறுபடி போட்டார்கள். சுகர் இறங்கியது. பையன் மேலும் 13 வருடம் வாழ்ந்தான்.

பிழைத்தவர்கள் ஓடியாட ஆரம்பித்ததும் புதுச் சிக்கல். லண்டன் மருத்துவர் ஆர்.டி. லாரன்ஸ், தானே இன்சுலினால் உயிர் தப்பியவர், 1926-ல் எழுதினார்: அதே அளவு இன்சுலினோடு உடற்பயிற்சியும் சேர்ந்தால் சுகர் இன்னும் அதிகமாக இறங்கும். நமக்கெல்லாம் ஓடும்போது கணையம் இன்சுலினைத் தானே குறைத்துக்கொள்ளும். ஊசியில் போட்டதை யார் குறைப்பது? தசை வேறு தன் பங்குக்குச் சர்க்கரையை இழுக்கும்.

ஆக, பயத்தில் நியாயம் இருக்கு. ஆனா எல்லாப் பயிற்சியும் ஒண்ணு இல்லை.

2013-ல் கனடாவில் ஜேன் யார்ட்லி குழு 12 பேரிடம் சோதித்தது. 45 நிமிட ஓட்டத்தில் சுகர் சுமார் 165-லிருந்து 105-க்கு வந்தது. 45 நிமிடம் எடை தூக்கியபோது 150-லிருந்து 122-க்குத்தான். பளு தூக்கும்போது சுரக்கும் அட்ரினலின், கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்துக்குள் தள்ளிவிடும். ஓட்டத்துக்கு முன்னால் எடை தூக்கினால் ஓடும்போது சுகர் அவ்வளவு சரிவதில்லை என்று 2012-லேயே இவர்கள் காட்டியிருந்தார்கள். இது பெரியவர்களிடம் செய்த சின்ன ஆய்வு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பருவ வயதில் ஹார்மோன்கள் தனி ஆட்டம் காட்டும்.

அதனால் பையன் டம்பிள்ஸ் தூக்கட்டும். முன்னாடி சுகர் பாருங்க. 90-க்குக் கீழே என்றால் முதலில் சாப்பிடணும். 250-க்கு மேல் போய்க் கீட்டோனும் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். பயிற்சி செய்த நாளில் ராத்திரி தூக்கத்தில் லோ ஆகலாம், படுக்கும் முன் ஒரு தடவை பாருங்க. இன்சுலின் அளவை உங்க டாக்டரைக் கேட்டு மட்டுமே மாத்துங்க.

திருத்தணிப் படியும் ஏறட்டும். அது ஓட்டத்தின் வகையறா, சுகரை நன்றாகவே இறக்கும். பாதியில் உட்கார்ந்து ஒரு தடவை குத்திப் பார்க்கட்டும், பாக்கெட்டில் குளுக்கோஸ் இருக்கட்டும்.