விடாது கருப்பு: கடைசி எபிசோடுக்குக் கரிசக்காடு சொன்ன தீர்ப்பு

ஒரு திரில்லர் சீரிஸோட கடைசி எபிசோட் வெளியான ராத்திரி என்ன நடக்கும்னு உங்களுக்கு நல்லாவே தெரியும். பாதிப் பேர் "செமடா"ன்னு கொண்டாடுவாங்க. மீதிப் பேர் "இதுக்கா இத்தனை வாரம் உக்காந்து பார்த்தோம்"னு கடுப்பாவாங்க. நடுவுல எவனோ ஒருத்தன் முடிவை முன்கூட்டியே உளறி வாங்கிக் கட்டிப்பான்.

இதெல்லாம் ஸ்மார்ட்போன் வந்தப்புறம் வந்த பழக்கம்னு நெனச்சா, அது சரியில்ல. இன்னைக்கு நாம 1990-களுக்குப் போறோம். இடம், விருதுநகர் மாவட்டத்துல அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவுல இருக்கிற மானாவாரிக் காடு. நாடகம், மர்மதேசம் வரிசையில வந்த 'விடாது கருப்பு'. ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், கதையோட முடிவைப் பேசாம இந்த எபிசோடைப் பேச முடியாது. இன்னும் பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து கேளுங்க.

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். "கடைசியில என்ன ஆகும்?"னு காத்துக் கிடக்கிறதே நம்ம ஊர்ல ஒப்பீட்டளவில் புதுப் பழக்கம்தான். எங்க பக்கம் திருவிழான்னா விடிய விடிய நாடகம் நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துல இருந்து வர்ற வள்ளி திருமணம், அரிச்சந்திரா மாதிரி நாடகங்கள். கீழ விரிச்ச சாக்குல உக்காந்திருக்கிற அத்தனை பேருக்கும் முடிவு தெரியும். வள்ளி முருகனைத்தான் கட்டிக்கப் போறா. அரிச்சந்திரனுக்கு நாடு திரும்பக் கிடைச்சிரும். ஆனாலும் ஒருத்தரும் எழுந்து போக மாட்டாங்க. இன்னைக்கு வள்ளியும் நாரதரும் போடுற தர்க்கத்துல யார் யாரை மடக்குறாங்க, அதுதான் சஸ்பென்ஸ். 'எப்படி'ன்னு பார்க்க உக்காந்த கூட்டம் அது. 'யார்'னு கேட்டு உக்காரல.

'யார்' அப்படிங்கிற கேள்வியைத் தமிழ் வீடுகளுக்குள்ள வாராவாரம் கொண்டு வந்தது பத்திரிகைத் தொடர்கதை. அதுல பெரிய உதாரணம் பொன்னியின் செல்வன். 1950 அக்டோபர்ல கல்கி இதழ்ல தொடங்கி 1954 மே மாசம் முடிஞ்சது. மூணரை வருஷம் படிச்சவங்களுக்கு ஆதித்த கரிகாலனைக் கொன்னது யார்னு நேரடியான பதில் கிடைக்கல. வாசகர்கள் சும்மா விடுவாங்களா? அந்தக் கதாபாத்திரம் என்ன ஆச்சு, இந்தக் கதாபாத்திரம் என்ன ஆச்சுன்னு கேள்வி வந்தது. கல்கியும் தனியா ஒரு முடிவுரை எழுதி விளக்கம் சொல்ல வேண்டியதாச்சு. இன்னைக்குச் சீரிஸ் முடிஞ்சதும் இயக்குநர் பேட்டி குடுத்து விளக்குறாரே, அதை 1954-லயே ஒருத்தர் செஞ்சிட்டார்.

டிவியில இதோட உச்சம் அமெரிக்காவுல நடந்தது. 'டாலஸ்' தொடர்ல 1980 மார்ச் மாசம் ஜே.ஆர். யூயிங்ங்கிற பாத்திரத்தை யாரோ சுட்டுட்டாங்க. சீசன் அங்கயே முடிஞ்சது. சுட்டது யார்னு நவம்பர் 21-ஆம் தேதிதான் சொன்னாங்க. அதை அமெரிக்காவுல மட்டும் சுமார் 8 கோடி 30 லட்சம் பேர் பார்த்தாங்கன்னு கணக்கு.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். சன் டிவி ஆரம்பிச்சது 1993 ஏப்ரல் 14. அடுத்த சில வருஷத்துல கே. பாலசந்தரோட மின்பிம்பங்கள் நிறுவனம் 'மர்மதேசம்'னு ஒரு வரிசையைத் தயாரிச்சது. கதை எழுதினவர் இந்திரா சௌந்தர்ராஜன். சேலத்துல பிறந்தாலும் மதுரைக்காரராகவே வாழ்ந்தவர், 2024 நவம்பர்ல மதுரையிலதான் காலமானார். இயக்கினவர் நாகா. முதல்ல 'ரகசியம்' வந்தது. அதுக்கப்புறம் 1997–98 வாக்குல வந்ததுதான் 'விடாது கருப்பு'. 'விட்டு விடு கருப்பா'ங்கிற நாவல்தான் அதுக்கு மூலம்.

கதை என்னன்னா, ஒரு கிராமம். காவல் தெய்வம் கருப்புசாமி. தப்பு செஞ்சவங்களுக்குக் கருப்பே தண்டனை குடுக்குதுன்னு ஊர் நம்புது. ராத்திரியில குதிரைக் குளம்புச் சத்தம், கையில அரிவாள். ஒரு பக்கம் நிகழ்காலம், இன்னொரு பக்கம் பழைய காலத்துல ஒரு சின்னப் பையனோட கதை, ரெண்டும் பின்னிப் பின்னிப் போகும். சேத்தன், தேவதர்ஷினி எல்லாம் இதுலதான் நம்ம வீட்டு முகங்களா ஆனாங்க. வாரம் ஒரு எபிசோட்தான். இப்ப மாதிரி ஒரே ராத்திரியில மொத்தத்தையும் பார்த்து முடிக்கிற வசதி கிடையாது. ஒரு குளம்புச் சத்தத்தை ஏழு நாள் மனசுலயே வச்சுக்கிட்டுத் திரியணும்.

சென்னையில இதை ஒரு திகில் நாடகமா பார்த்தாங்க. எங்க பக்கம் அது அப்படி இல்ல. அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழிப் பக்கம் போனா கரிசல் மண், கண்மாய்க்கரை, சீமைக்கருவேலங்காடு, நடுவுல கரிமூட்டப் புகை. ஊருக்கு ஊர் எல்லையில ஒரு அய்யனார், பக்கத்துல ஒரு கருப்பு. மாசி மாசம் சிவராத்திரிக்குக் களரின்னா திருப்பூர், சென்னைன்னு பிழைக்கப் போனவங்க எல்லாம் குலதெய்வம் கோயிலுக்கு வந்து சேருவாங்க. இதைக் கேக்கிற உங்கள்ல பல பேர் அந்த வேன்ல தூங்கி வழிஞ்சுக்கிட்டே போயிருப்பீங்க. அங்க கருப்பை ஒரு கதாபாத்திரமா நெனைக்க முடியாது. அவர் குடும்பத்துல ஒருத்தர்.

நான் அப்ப சின்னப் பையன். எங்க தெருவுல கேபிள் இழுத்திருந்த வீடு ரெண்டு மூணுதான். அந்த வீட்டு வாசல் வரைக்கும் ஆள் உக்காந்திருக்கும். நாடகம் முடிஞ்சு அவங்கவங்க வீட்டுக்குப் போறப்ப தனியா யாரும் போக மாட்டாங்க. கடைசி எபிசோட் முடிஞ்ச ராத்திரி மட்டும் கூட்டம் கலையவே இல்ல. ஏன்னா முடிவு அப்படி.

கருப்பு பேர்ல தண்டனை குடுத்தது சாமி இல்ல, ஒரு மனுஷன். அதுவும் நாம கூடவே வந்த ராஜேந்திரன். சின்ன வயசுல பட்ட அடியில அவன் மனசு ரெண்டாப் பிரிஞ்சிருக்கு. ஒரு பாதி செய்யறது இன்னொரு பாதிக்குத் தெரியாது. நாடகம் இதுக்கு 'ஸ்ப்ளிட் பெர்சனாலிட்டி'ன்னு ஒரு பேர் வச்சது. அந்த வார்த்தையை எங்க தெரு அன்னைக்குத்தான் முதல் தடவையா கேட்டுச்சு.

தெரு மூணாப் பிரிஞ்சது. ஒரு கோஷ்டி பள்ளிக்கூடத்துப் பசங்க, வாத்தியார் மாதிரி ஆட்கள். "பார்த்தீங்களா, எல்லாம் மனுஷன் வேலைதான்"னு ஜெயிச்ச மாதிரி பேசினாங்க. இன்னொரு கோஷ்டி வருத்தப்பட்டது. "இம்புட்டு நாளும் கருப்பைக் காட்டிட்டு, கடைசியில சாமியே இல்லைங்கிற மாதிரி முடிச்சுப்புட்டானே." மூணாவது கோஷ்டிதான் எனக்கு இன்னும் மறக்கல. அது அப்பத்தாக்கள் கோஷ்டி. அவங்களுக்கு ஏமாற்றமே இல்ல. "இதுல என்னய்யா மர்மம்? அவன் மேல கருப்பு எறங்கிருக்கு. எறங்குனவனுக்கு என்ன செஞ்சோம்னு நெனப்பா இருக்கும்?"

யோசிச்சுப் பாருங்க, இது சின்ன விஷயம் இல்ல. எங்க ஊர்ல சாமியாடின்னு ஒருத்தர் இருப்பார். உடுக்குச் சத்தம் ஏறும், குலவை போடுவாங்க, அவர் மேல சாமி எறங்கும். குரல் மாறும், நடை மாறும். அரிவாள் மேல ஏறி நிப்பார், குறி சொல்வார். அப்புறம் சாமி மலையேறிரும். அவர் பாட்டுக்குத் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, நடந்தது எதுவும் தெரியாத ஆளா உக்காந்திருப்பார். மறுநாள் காலையில கருவேலம் வெட்டப் போயிருவார். ஒரே உடம்புல ரெண்டு பேர்ங்கிறது பட்டணத்துக்குத்தான் அதிர்ச்சி. கரிசக்காட்டுக்கு அது வருஷா வருஷம் பார்க்கிற காட்சி.

அப்ப டாக்டர் சொல்றதும் அப்பத்தா சொல்றதும் ஒண்ணுதானா? அங்கதான் எங்க தெருவுல இருந்த ஒரு சாமியாடித் தாத்தா குறுக்க விழுந்தார். நாங்க எதிர்பார்த்ததுக்கு நேர் எதிரா, அவர் டாக்டர் பக்கம். "அது கருப்பு இல்லப்பா. மனுஷன் மேல கருப்பு எறங்குனா உடுக்கு இருக்கும், விபூதி இருக்கும், நாலு பேரு முன்னாடி எறங்கும். கூப்பிட்டா வரும், போகச் சொன்னா போகும். கூப்பிடாம வந்து, தனியா இருட்டுல திரிஞ்சு, போகவும் மாட்டேங்குதுன்னா அது நோவு. ஆசுபத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்."

இதை நான் பல வருஷம் கழிச்சு வேற ஒரு இடத்துல படிச்சேன். உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல் இருக்கே, அதோட பத்தாவது பதிப்பு. சாமி வர்றது, ஆவி பிடிக்கிறது மாதிரி நிலைகளுக்கு அதுல தனிப் பிரிவே இருக்கு. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டிருக்காங்க. தானா, விருப்பமில்லாம வர்றதை மட்டும்தான் நோய்க் கணக்குல சேர்க்கணும். ஒரு சமூகம் ஏத்துக்கிட்ட சடங்குக்குள்ள நடக்கிறதைச் சேர்க்கக் கூடாது. தாத்தா திண்ணையில சொன்னதும் ஏறக்குறைய இதேதான்.

சரி, ஒரு டிவி நாடகத்தோட முடிவுக்கு ஏன் இவ்வளவு பேச்சுன்னு கேட்டா, அந்தக் கோட்டை எங்க போடுறோம்ங்கிறதுல உயிர் இருக்கு. திருச்சுழியில இருந்து கிழக்க கமுதி, முதுகுளத்தூர் தாண்டிப் போனா ஏர்வாடி. மனநிலை சரியில்லாதவங்களை வேண்டுதலுக்காகக் கூட்டிட்டுப் போய் விடுற ஊர். மதம் பார்க்காம எல்லாரும் போவாங்க. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியக்காலையில, அங்க தனியார் நடத்தின ஒரு காப்பகத்தோட கொட்டகை தீப்பிடிச்சது. உள்ள இருந்தவங்களைச் சங்கிலியில கட்டி வச்சிருந்தாங்க. ஓட முடியல. 28 பேர் செத்தாங்க. 'விடாது கருப்பு' முடிஞ்சு மூணு நாலு வருஷம்தான் ஆகியிருந்தது.

அவங்களைச் சங்கிலியில விட்டுட்டு வந்த குடும்பங்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரங்க இல்ல. பக்கத்துல மனநல மருத்துவர் இல்ல, பஸ்ஸுக்குக் காசில்ல, இது நோய்னு சொல்ல ஒரு வார்த்தை கூட கையில இல்ல. மத்திய அரசோட மாவட்ட மனநலத் திட்டமே 1996-லதான் தொடங்குச்சு, அதுவும் தமிழ்நாட்டுல முதல்ல திருச்சி மாவட்டத்துல மட்டும். அப்படிப்பட்ட காலத்துல, வீட்டுக்கு வீடு பேசின ஒரு நாடகம் "இது மனசோட காயம், இதுக்கு வைத்தியம் இருக்கு"ன்னு சொன்னது சாதாரணம் இல்ல.

அதுக்காக நாடகம் சொன்னதெல்லாம் சரின்னு ஆகாது. மனநோய் வந்தவன் ராத்திரியில அரிவாள் எடுப்பான்ங்கிற பயத்தையும் அதுதான் குடுத்தது. அதுக்கப்புறம் 2005-ல ஏப்ரல்ல சந்திரமுகி, ஜூன்ல அந்நியன்னு ரெண்டு பெரிய படம் வந்து, 'ஸ்ப்ளிட் பெர்சனாலிட்டி'யை டீக்கடை வார்த்தையாவே ஆக்கிருச்சு. மருத்துவ உலகம் 1994-லயே அந்தப் பேரை மாத்திடுச்சு. அது ரொம்ப அரிதான நிலை. மனநோய் உள்ளவங்கள்ல பெரும்பாலானவங்க யாரையும் தாக்குறவங்க இல்ல, அவங்கதான் அடி வாங்குறாங்க. ஏர்வாடியில செத்தவங்களைக் கட்டி வச்சதுக்கும் அந்தப் பயம் ஒரு காரணம். சங்கிலியால கட்டக் கூடாதுன்னு தெளிவா சொல்ற மனநலப் பராமரிப்புச் சட்டம் வர 2017 ஆச்சு.

அதனால 'விடாது கருப்பு' முடிவைப் பத்தின சண்டையில யார் ஜெயிச்சாங்கன்னு கேட்டா, என் ஓட்டு சாமியாடித் தாத்தாவுக்குத்தான். பசங்க கோஷ்டி சாமியைத் தூக்கிப் போட்டாங்க, அப்பத்தாக்கள் நோயைத் தூக்கிப் போட்டாங்க. தாத்தா ரெண்டையும் வச்சுக்கிட்டு, எது எதுன்னு பிரிச்சுப் பார்க்க ஒரு வழி சொன்னார். கூப்பிட்டா வருதா, சொன்னா போகுதா, நாலு பேர் முன்னாடி நடக்குதா?

அடுத்த சிவராத்திரிக்கு ஊருக்குப் போறப்ப, வீட்டுல பெரியவங்ககிட்ட அந்தக் கடைசி எபிசோடைப் பார்த்தாங்களான்னு கேளுங்க. பார்த்திருந்தா எந்தக் கோஷ்டியில இருந்தாங்கன்னும் கேளுங்க. நிச்சயமா ஒரு கதை கிடைக்கும். உங்க வீட்டுலயோ நட்புலயோ யாருக்காவது கூப்பிடாம வந்து போக மாட்டேங்கிற மாதிரி எதாவது இருந்தா, அதைக் கதையா விட்டுடாதீங்க. பக்கத்து அரசு மருத்துவமனையில மனநலப் பிரிவு எங்க இருக்குன்னு விசாரிச்சு, கூடவே போங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.