சேப்டி ரேஸர் வந்த கதை

ஸ்நானத்துக்கு முன் ஐந்து நிமிஷத்தில் தாமே முகக்ஷவரம் முடிப்பது நம் அங்கத்தினர்கள் பலருக்கும் நித்தியப் பழக்கம். இது பரவி நூறாண்டு சொச்சம்தான் ஆகிறது.

அதற்கு முன் மடக்குக் கத்திதான். அதைத் தோல்வாரில் தீட்டவும், கழுத்தருகே நிதானமாக ஓட்டவும் பயிற்சி வேண்டும். ஆகவே, நம் கிராமங்களில் நாவிதர் வரும் நாளே க்ஷவர நாள்.

அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர், தீட்ட வேண்டாத, மழுங்கினால் எறிந்துவிடக்கூடிய மெல்லிய பிளேடை யோசித்தார். அத்தனை மெல்லிய எஃகில் கூர் ஏற்ற முடியாது என்றார்கள் நிபுணர்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதைச் சாதித்தார். 1903-இல் விற்றவை 51 ரேஸர்கள், 168 பிளேடுகள் மட்டுமே. 1904-இல் காப்புரிமை கிடைத்தது. அவ்வாண்டே ரேஸர் விற்பனை 90 ஆயிரத்தை எட்டியது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க அரசு வீரர்களுக்காகச் சுமார் 35 லட்சம் ரேஸர்கள் வாங்கியது. தாடி இருந்தால் விஷவாயு முகமூடி முகத்தில் சரியாகப் பொருந்தாது அல்லவா! ஊர் திரும்பியவர்கள் தினசரி சவரப் பழக்கத்தோடு திரும்பினர்.

பிறகு பிளேடு நம் வீடுகளுக்கும் வந்தது. நமக்குச் சௌகரியம்; அறுவடையில் நெல் அளந்து வாங்கிய நாவிதர் குடும்பத்துக்கோ வருமானம் குறைந்தது. தலைமுறைகளாக நம் முகத்தில் கீறல் படாமல் காத்த அந்தக் கைகளையும் நன்றியோடு நினைப்பது நம் கடமை.